திரும்பி வராத கத்தி

"முதல்ல கையை நனைங்க" என்று சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்துகிறாள் கத்திக்கார அக்கா. சண்டைக்கத்தி வாங்க வந்த சிப்பாய் திருதிருவென்று விழிக்கிறான். நனைந்த கையில், உறை கழற்றாத கத்தியைக் கொடுத்துத் தொங்கும் மணல் மூட்டையில் ஓங்கிக் குத்தச் சொல்கிறாள். பிடி வழுக்கிக் கை அலகுப் பக்கம் போனால் அந்தக் கத்தி அவனுக்கு ஆகாது. "சண்டையில கை காய்ஞ்சா இருக்கும்? வேர்வை இருக்கும், மழை இருக்கும். வேற என்னென்னவோ இருக்கும்" என்பாள்.

ராணுவ முகாமின் வாசலுக்கு எதிர்க்கடை. பதினாறு வருடமாக இந்த மேசைதான். யாரையும் அடித்துக்கூடப் பழக்கமில்லாதவள். ஊருக்கெல்லாம் கூர் பார்த்துக் கொடுப்பவள் வீட்டில் தக்காளி நறுக்கினால் நசுங்குகிறது.

கம்பெனிகளைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது. பளபளவென்ற கழுகு மார்க்கை எடுத்தால், "மாப்பிள்ளை ஜோருதான், வேலைக்குத்தான் போக மாட்டார்" என்று பிடுங்கி வைத்துவிடுவாள். புலி மார்க்கின் முதுகில் ரம்பம் போல் பல் இருக்கும். "இந்தப் பல்லு எதுக்குன்னு செஞ்சவனுக்கே தெரியாது. சொந்தச் சட்டையிலதான் மாட்டும்." ஆந்தை மார்க்குக்கு அழகு என்பதே கிடையாது, கறுப்பாக, கட்டையாக இருக்கும். ஆனால் அதன் இரும்பு கைப்பிடியின் அடிவரை ஒரே துண்டாக ஓடுகிறது. அதை மட்டும் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுப்பாள்.

இந்த ஞானமெல்லாம் விளம்பரம் பார்த்து வந்ததல்ல. பழுதான கத்திகளைக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பதும் அவள் வேலைதான். பின்னால் இருக்கும் அலமாரியில் முனை போன கழுகுகளும் பிடி கழன்ற புலிகளும் வரிசையாகப் படுத்திருக்கும். ஆந்தைக்கு ஒதுக்கிய அடுக்கு எப்போதும் காலி, அதில் அவள் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்கிறாள். "திரும்பி வராத கத்திதான் நல்ல கத்தி" என்பது அவள் தீர்ப்பு.

நாலு வருடம் முன்பு தம்பி பனிமலை எல்லைக்குப் போனபோது, கடையில் இருந்த ஆந்தைகளையெல்லாம் நனைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா, வேறு நாதியில்லை. அதன்பின் அவன் வரவேயில்லை. "வர மூணு நாள், போக மூணு நாள். இருக்கிற லீவு பஸ்ஸுலயே போயிடும்க்கா" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் எப்படி இருக்கிறாய் என்றால், "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. அதனால் கத்தியை விசாரிப்பாள். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

கழுகு மார்க் வாங்கியவர்களோ ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை உடைந்த கத்தியோடு வந்து நின்று, ஊர்க்கதை பேசி, அவளைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறார்கள். பேசாமல் தம்பிக்கும் ஒரு கழுகைக் கொடுத்திருக்கலாமோ என்று சில நாள் நினைப்பு ஓடும். அந்த இடத்தில் இருக்கிற பிள்ளைக்கு உடைகிற கத்தியா? நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஆனாலும் அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் சொன்னபடி கேட்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் வந்தது. செவ்வாய்க்கிழமையில் அவன் அழைத்ததே இல்லை. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. பனிக்கட்டியை நெம்பினேன், கத்தி முனை போயிடுச்சு."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன. அடுத்த மாசம் லீவு வருது, ஆனா இங்கேயே படுத்துத் தூங்கலாம்னு இருக்கேன். கத்தியைப் பார்சல்ல போட்டுடறேன், சரி பண்ணி அனுப்பு."

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சிப்பாய் ஈரக் கையோடு காத்து நின்றான்.

"பார்சல்ல எல்லாம் வாங்க மாட்டோம்" என்றாள். "யார் கத்தியோ அவங்க நேர்ல கொண்டு வரணும்."

"எப்போலேர்ந்து?"

"புது ரூல்."

சொல்லிக்கொண்டே ஸ்டூலின் மேல் ஏறினாள். 'பழுதான கத்திகளைப் பார்சலிலும் அனுப்பலாம்' என்று சுவரில் தொங்கிய அட்டையை ஆணியிலிருந்து கழற்றி, மேசைமேல் குப்புறக் கவிழ்த்தாள்.