நவமணியும் இரண்டாவது கார்டும்

சதாசிவம் யாரையும் எளிதில் புகழ்கிற ஆள் இல்லை. ஈப்போவில் ஒரு பஸ் பட்டறையில் இருபது வருஷமாக எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். பிரித்துப் பூட்டிய எஞ்சினைப் பற்றி யாராவது கேட்டால் "ஓடும்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. மனைவி நவமணியின் மீன்கறிக்கும் கல்யாணமான நாளிலிருந்து அவர் கொடுத்த சான்றிதழ் அந்த "ஓடும்"தான்.

அப்படிப்பட்டவர் 1988இல் ஒரு விமான விளையாட்டிடம் மனதைப் பறிகொடுத்தார். அவருடைய நண்பர் சீனி ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை அங்கே போய் நின்ற சதாசிவத்தைச் சீனி விளையாட்டின் முன்னால் உட்காரவைத்தார். திரையில் இருந்தவை நாலே நாலு வண்ணங்கள். ஆனால் விசையை அழுத்தினால் விமானம் சாய்ந்தது, தரை சரிந்தது, தூரத்து மலை மெல்லக் கிட்டே வந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் ஓட்டும் வண்டியின் அடியில் படுத்துக் கிடந்த மனுஷன், இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஜெலாப்பாங்கில் அவர் வீட்டிலும் ஒரு கணினி இருந்தது. ஆனால் அது நவமணியுடையது. அதன் திரைக்குத் தெரிந்தது ஒரே நிறம், மஞ்சள் கிழங்கின் நிறம். சீனி வழி சொன்னார். பெட்டிக்குள் திரைக்குப் படம் அனுப்புகிற ஒரு கார்டு ஏற்கெனவே இருக்கிறது, பக்கத்தில் இடமும் காலி. அங்கே ஒரு கலர் கார்டைச் செருகி, கடையில் கிடக்கும் பழைய கலர் திரையை மாட்டினால் வேலை முடிந்தது.

"ரெண்டும் ஒண்ணா இருக்கும். போலே லா, மச்சான்," என்றார் சீனி.

போலே என்றால் மலாயில் முடியும். சதாசிவத்துக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நவமணிக்குப் போதவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கார்டோடு வந்த புத்தகம் இருந்தால் முதலில் அதைக் கொண்டுவரச் சொன்னாள்.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று சதாசிவம் பல தடவை யோசித்திருக்கிறார். அவள் சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு பால்வெட்டப் போனாள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. ஜெலாப்பாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பதினோரு வருஷம் ஒட்டினாள். கண் மங்கியதும் வேலை போனது. அவள் அழுததைச் சதாசிவம் பார்க்கவில்லை. அடுத்த மாதமே கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டச்சு வகுப்புக்குப் போனாள். ஒரு கணக்கர் அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கணினியை வாங்கிப்போட்டாள். கோலாலம்பூரில் யாரோ எழுதிய தமிழ் எழுத்து மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். இப்போது கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தமிழ்ப்பள்ளிச் சுற்றறிக்கை எல்லாம் அவள் வீட்டு முன்னறையிலிருந்துதான் போயின. வீட்டுச் செலவில் பாதி அந்த மஞ்சள் திரையிலிருந்து வந்தது.

புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அடுப்படியில் ஒரு பக்கம், அகராதியோடு ஒரு பக்கம் என்று அவள் நாலு நாள் படித்தாள். சதாசிவம் பொறுமையில்லாமல் திண்டாடினார். ஒரு கார்டைச் செருக இத்தனை படிப்பா என்று கேட்டும் பார்த்தார். பஸ்ஸின் பிரேக்கைக் கழற்றுமுன் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சனிக்கிழமை பெட்டியைத் திறந்தார்கள். கையை உள்ளே விடுமுன் இரும்புச் சட்டத்தை அவரையும் தொடவைத்தாள். உடம்பில் தங்கிய மின்சாரம் அப்படி இறங்கிப் போய்விடும் என்பது தொழிற்சாலைப் பாடம். கார்டை அவளே செருகினாள். மேசையில் இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வலது பக்கத்துத் திரையில் விமானம் வண்ணத்தோடு எழும்பியது. சதாசிவம் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். நவமணியும் சிரித்தாள். பிறகு, கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, இடது திரையில் தமிழ் மென்பொருளைத் திறந்தாள்.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் அதில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் கோயில் தலைவர் சின்னையா வந்து வாங்கிப்போவதாக ஏற்பாடு. திரையில் அம்மன் பெயர் ஒரு கணம் தெரிந்தது. அடுத்த கணம் எழுத்தெல்லாம் உடைந்து புள்ளியாகச் சிதறியது. வலது திரையிலும் கோடு கோடாக ஓடிற்று. இரண்டும் சேர்ந்து உறைந்தன.

நோட்டீஸ் போய்விட்டதா, கணினியே போய்விட்டதா என்று சதாசிவம் கேட்டார். நவமணி மின்சாரத்தை அணைத்தாள். நோட்டீஸின் நகல் தனி நெகிழ்வட்டில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாள். இப்படி ஆகலாம் என்று புத்தகத்தில் இருந்ததாம். கண்ணால் பார்க்காமல் அவரிடம் சொல்ல வேண்டாம் என்று இருந்தாளாம்.

பிறகு ஒரு பென்சிலை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினாள். திரையில் தெரிகிற படத்தைக் கணினி தன் நினைவில் ஓர் இடத்தில் வைத்திருக்கிறது. அவளுடைய கார்டுக்கு அப்படி இரண்டு இடம். கலர் கார்டுக்கு ஒரே இடம், ஆனால் அது அவளுடைய கார்டின் இரண்டாவது இடமேதான். இங்கிலீஷ் மட்டும் அடித்தால் முதல் இடம் போதும், சண்டை வராது. தமிழ் எழுத்தை மென்பொருள் படமாக வரைகிறது. அதற்கு இரண்டு இடமும் வேண்டும்.

சதாசிவமும் தோட்டத்துப் பிள்ளைதான். அவர் விடவில்லை. "எங்கப்பாவும் அம்மாவும் ஒரே மர நெறையிலதானே வெட்டுனாங்க. ரெண்டு பேரு சேர்ந்தா சீக்கிரம் முடியும். இது மட்டும் ஏன் ஆகாது?"

நவமணி பென்சிலைக் கீழே வைத்தாள். "நெறையில ரெண்டு பேரு நிக்கலாங்க. அவங்க இந்த மரம், இவங்க அந்த மரம். ஒரே பட்டையில ரெண்டு கத்தி வைக்க முடியாதுலா. மரம் செத்துப்போயிரும்."

அவருக்கு உடனே புரிந்தது. பத்தொன்பது வயதுவரை அவரும் கத்தி பிடித்த கை. ஆழமாகப் போன ஒரு வெட்டுக்கு மரம் எத்தனை வருஷம் முண்டும் முடிச்சுமாக நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நோட்டீசுக்காக இப்ப கார்டைக் கழட்டுறேன்," என்றாள் அவள். "திங்கக்கிழமைக்கு அப்புறம் நீங்க சொல்றதுதான். வேணும்னா இங்கிலீஷ் வேலை மட்டும் வாங்கிக்கிறேன். வக்கீல் ஆபீஸ்ல கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

அவர் எதிர்பார்த்தது மறுப்பை. மறுத்திருந்தால் கோபித்துக்கொள்ளலாம், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அவள் கணக்கை முழுதாக விரித்து வைத்துவிட்டு முடிவை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அதில் தந்திரம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்த்தார். இல்லை. அவர் கேட்டால் நிஜமாகவே தமிழை நிறுத்திவிடுவாள். அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சுப்பொறி கரகரவென்று ஓடியது. சதாசிவம் பக்கத்தில் நின்று தாளைப் பிடித்தார். உபயகாரர் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பத்துமலை, சன்னாசி, உடையப்பன். ஒரு பெயரில் 'ண' வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி 'ன' விழுந்திருந்தது. நவமணி அச்சை நிறுத்தி, திருத்தி, அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தாள். சின்னையாகூட அதைக் கவனித்திருக்க மாட்டார். யாரும் கேட்காத ஒன்றுக்கு ஒரு தாளைக் கழித்துவிட்டு அவள் அடுத்த பக்கத்துக்குப் போனதைச் சதாசிவம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மத்தியானம் கலர் கார்டை அதன் பிளாஸ்டிக் உறையில் போட்டார். திரையையும் கார்டையும் பட்டறை நண்பர் ஒருவரின் காரில் ஏற்றி, திங்கட்கிழமை சீனியின் கடை திறந்ததும் கொண்டுபோய் வைத்தார்.

"என்ன மச்சான், வீட்ல உத்தரவு கிடைக்கலையா?" என்று சீனி வாரினார்.

"கிடைச்சிச்சு. அதான் கொண்டாந்தேன்," என்றார் சதாசிவம். சீனிக்கு அது விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

விமானத்தைப் பற்றி அதன் பிறகு வீட்டில் பேச்சு வரவில்லை. புதன்கிழமை வேலை முடிந்து வந்தவர், நவமணி மேசைமுன் அவருக்காகக் காத்திருப்பதைப் பார்த்தார். காலையில் பஸ் பிடித்துச் சீனியின் கடைக்குப் போயிருக்கிறாள். கலர் கார்டு இல்லாமலே, இருப்பதாகக் கணினியை நம்பவைக்க ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். அப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே சீனி பெட்டி பெட்டியாக நெகிழ்வட்டுகளைக் கிளறியிருக்கிறார். கடைசியில் ஒரு சின்ன மென்பொருள் அகப்பட்டது. அவளுடைய பழைய கார்டே, தன் இரண்டு இடத்தையும் வைத்துக்கொண்டு, கலர் கார்டு போல நடிக்கும். வண்ணம் மட்டும் வராது.

மஞ்சள் வானத்தில், மஞ்சள் மலைக்கு மேல், விமானம் எழும்பியது. கொஞ்சம் மெதுவாகத்தான் பறந்தது. சதாசிவம் விசைகளை அழுத்திச் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். நவமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எப்படிங்க இருக்கு?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். வாயில் வழக்கமான சொல் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "நல்லா இருக்கு, நவமணி. ரொம்ப நல்லா இருக்கு," என்றார்.

அவள் கடிகாரத்தைக் காட்டினாள். ஏழு மணிக்கு அவளுக்குப் பள்ளிச் சுற்றறிக்கை இருந்தது. சதாசிவத்துக்கு இன்னும் விமானத்தைத் தரையில் இறக்கத் தெரியவில்லை. ஏழு மணியாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதை மலையில் மோதவிட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.