முள் பச்சைக்கு வந்ததும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது, முள் மேல்தான். சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். வட்டக் கண்ணாடிக்குள் ஆடுகிற முள்ளைப் பார்த்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். முள் பச்சைக்கு வந்தால் தீயைக் குறைக்க வேண்டும், சிவப்புக்குப் போனால் ஓட வேண்டும். வாழ்க்கைக்கு இதற்கு மேல் படிப்பு தேவையில்லை என்பார். சோறு போதுமா என்று அக்கா கேட்டால்கூட, "இன்னும் பச்சைக்கு வரலை" என்பார்.

ஆலையில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தபோது அத்தானுக்கு ஹெபடைட்டிஸ் பி என்று வந்தது. கிருமி பல வருடமாக ஈரலில் குடியிருக்கிறதாம். இவருக்கு ஒரு வலியும் இல்லை. ஈரல் எவ்வளவு அடிபடுகிறது என்று காட்டும் என்சைம் நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். இவருக்கு நூற்று எண்பது. டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்கா அழுதாள். அத்தானுக்கோ, தன் உடம்புக்கும் ஒரு மீட்டர் இருக்கிறது என்று உள்ளூர சந்தோஷம்.

ஒரு வருடத்தில் எண் முப்பத்திரண்டுக்கு இறங்கியது. ரிப்போர்ட்டைத் தெருவில் போகிறவர்களிடம் காட்டாத குறை. அதோடு மனிதர் யாரிடமும் மூச்சு விடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் மாதம் சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், கண்ணெல்லாம் மஞ்சள். எண் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, ஆலைக்கு லீவு கடிதம் கொடுக்கப் போனேன். பாய்லர் அறை அலமாரியில் வாஷருக்கும் போல்ட்டுக்கும் நடுவே மாதாமாதம் வாங்கிப் பிரிக்காமலே வைத்த மாத்திரை டப்பாக்கள் வரிசையாக நின்றன. மேலே சாக்பீஸில் அவர் கையெழுத்து: "ஸ்பேர்".

டப்பாக்களை அள்ளிக்கொண்டு போய் அவர் கட்டிலில் கொட்டினேன்.

"யாருங்க நிறுத்தச் சொன்னது?" என்று அவரைக் கேட்டார் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா.

"நீங்க குடுத்த ரிப்போர்ட்தான். முப்பத்திரண்டுன்னு இருந்துச்சே."

படுத்துக் கிடக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மாத்திரை கிருமியை அடக்கி வச்சதாலதாங்க முப்பத்திரண்டு. கிருமி போகலை. பிடியை விட்டீங்க, எழுந்துக்கிச்சு," என்றார் டாக்டரம்மா.

அத்தான் ஏதோ வாதாடத் தொடங்கினார். அக்கா விடவில்லை. "ஏங்க, முள்ளு பச்சையில இருக்குன்னு பாய்லருக்குத் தண்ணி விடறதை நிறுத்துவீங்களா?"

"பைத்தியமா உனக்கு? வெடிச்சிடும்!" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் டப்பாக்களைப் பார்த்தார்.

ஈரல் தாங்குமா என்று இரண்டு வாரம் போனால்தான் தெரியும் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவரை எவ்வளவு திட்டினாலும், அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தாங்கியது. மாத்திரை மறுபடி ஆரம்பமாகி எட்டு மாதம் கழித்து அடுத்த ரிப்போர்ட் வந்தது. போன தடவை இவர் புத்தி கெட்டதே நல்ல ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். அதனால் அவர் கவரைப் பிரிக்கும்போது நானும் அக்காவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு முறை படித்தார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் அக்கா.

"முப்பதுதான். ரொம்ப நல்லா இருக்காம்," என்றார். "எனக்குப் பயமா இருக்கு. மாத்திரையை எடு."