சின்னவர் ஏன் வெளியே போனார்?

முதலாளி வருகிறார்

சென்னை ஆபீசிலிருந்து போன் வந்தபோது ஜமால் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜப்பானிலிருந்து சைக்கிள் கம்பெனி முதலாளியே வருகிறாராம். வியாழக்கிழமை எங்கள் தஞ்சாவூர் ஷோரூமைப் பார்த்துவிட்டு, ஏஜென்சியைத் தொடர்வதா மூடுவதா என்று அங்கேயே முடிவு சொல்வாராம். பாய் பதறிப்போய் டீயை ஒரு சைக்கிள் சீட்டின் மேல் கொட்டினார். வெள்ளை சீட்டு. துடைத்தது நான்.

"சுகந்தி, துபாய்ல வெயில்ல நின்னு சம்பாதிச்சதெல்லாம் இந்தக் கடைக்குள்ளதான்மா கெடக்கு. மூடுன்னு சொல்லிட்டா நான் எங்கம்மா போவேன்?"

எனக்கு அங்கே சேல்ஸ் இன்சார்ஜ் வேலை. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பில் போடுவதும் நான்தான், டயருக்குக் காற்றடிப்பதும் நான்தான். விற்பனை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதுவதால் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் கடையில் கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. விற்பனைதான் இல்லை.

அதற்குக் காரணம் ஜப்பான் முதலாளியின் குடும்பக் கதை.

தாத்தா, மூத்தவர், சின்னவர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சென்னையில் டிரெய்னிங். கியர், பிரேக், செயின் என்று ஏதாவது சொல்லித் தருவார்கள் என்று நோட்டும் பேனாவுமாகப் போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை முதலாளி வீட்டுக் கதையைத்தான் சொன்னார்கள். எரிச்சலாக வந்தது. பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊரில் சைக்கிள் விற்க வேறு எதுவும் தெரிய வேண்டாம்.

கதை இதுதான். தாத்தா ஒரு சின்னப் பட்டறையில் தொடங்கியவர். அவருடைய முதல் மாடல், கடைக்காரர்கள் அரிசி மூட்டை ஏற்றிப்போகிற கனத்த சைக்கிள். பின்னால் இருக்கும் கேரியரில் ஆளே படுத்துக்கொள்ளலாம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர், சேலை கட்டினாலும் ஏறக்கூடிய மாதிரி குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் மாடலைக் கொண்டுவந்தார், முன்னால் கூடையோடு. (சேலை நான் சேர்த்துக்கொண்டது. அங்கே பாவாடை.) சின்னவர், பள்ளிக்கூடப் பையன்களுக்காகக் கியர் வைத்து, பின்பக்கம் கார் மாதிரி மின்னுகிற இண்டிகேட்டர் லைட் வைத்து ஒரு மாடல் செய்தார். இப்போதைய முதலாளி ஹிரோஷி, மூத்தவரின் மகன். அம்மாக்கள் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுகிற பேட்டரி சைக்கிள் அவருடையது.

எல்லாருடைய போட்டோவும் ஷோரூம் சுவரில் வரிசையாக இருக்கும். சின்னவர் படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: அதன் பிறகு இவர் நிறுவனத்தை விட்டு விலகினார்.

அந்த ஒரு வரி என் பிராணனை வாங்கிவிட்டது.

எங்கள் பக்கத்து ஜனங்கள் பெண் எடுக்கிற வீட்டை விசாரிப்பது போலத்தான் சைக்கிளையும் விசாரிப்பார்கள். யார் செய்தது, எந்த ஊர், பிள்ளைகள் ஒற்றுமையா? அந்த வரிக்கு வந்ததும் எல்லாரும் நின்றுவிடுவார்கள். "ஏன் விலகினாரு?" என்று கேட்பார்கள். "தெரியலைங்க" என்றால், "அது தெரியாம எப்படிம்மா வாங்கறது?" என்பார்கள். பூதலூர்க்காரர் ஒருவர், பாகப்பிரிவினைதான், சந்தேகமே இல்லை என்றார். வந்த மருமகள் சரியில்லை என்றார் அவர் மனைவி. அவருடைய மருமகள் பக்கத்தில் நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் பில் போடவில்லை.

இவர்களுக்கெல்லாம் தலைவர் பாபநாசம் வைத்தியலிங்கம். நெல் விவசாயி. சுகர் இருக்கிறது, சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ் ஏறி வருவார், எல்லா சைக்கிளிலும் பெல் அடித்துப் பார்ப்பார், சின்னவர் படத்துக்கு முன்னால் நின்று, "பாவம், மொகத்தப் பாரு, நல்ல மனுஷன்" என்பார். பஸ் ஏறிப் போய்விடுவார்.

வியாழக்கிழமை

"இன்னிக்கு அந்த வைத்தியலிங்கம் வந்தா கடை லீவுன்னு சொல்லிடும்மா" என்றார் பாய். வாசலில் லீவு போர்டு மாட்டினேன். ஹிரோஷி வந்தார். கூடவே சென்னையிலிருந்து திவ்யா என்ற மொழிபெயர்ப்பாளர். பாய் பதற்றத்தில் ஒரு மாலையை முதலாளிக்கும் இன்னொன்றை பேட்டரி சைக்கிளுக்கும் போட்டார்.

ஹிரோஷி விற்பனைக் கணக்கைப் பார்த்தார். ஜப்பான்காரர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சுத்தப் பொய். நன்றாகவே தெரிந்தது. திவ்யா எங்களைப் பார்த்து மெதுவாக, "சார் ரொம்ப வருத்தப்படறாரு" என்றார். பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

"லீவுன்னு போர்டு தொங்குது, உள்ள இவ்வளவு பேரு இருக்கீங்க?" என்று வந்தார் வைத்தியலிங்கம். ஹிரோஷியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அட! மூத்தவர் பையன்தானே? அப்படியே தாத்தா ஜாடை!" இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ஒங்க சித்தப்பா ஏன் வெளிய போனாரு?"

"ஐயோ, இத நான் டிரான்ஸ்லேட் பண்ண மாட்டேன்" என்றார் திவ்யா.

ஹிரோஷி, என்ன கேட்கிறார் என்று திவ்யாவைக் கேட்டார். திவ்யா என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கடை போகப்போகிறது, என் வேலையும் போகப்போகிறது, இனி என்ன மரியாதை? "கேளுங்க மேடம். எப்படியும் மூடத்தான் போறாங்க. போறதுக்கு முன்னாடி எனக்கும் தெரிஞ்சாகணும்" என்றேன்.

திவ்யா கேட்டார். ஹிரோஷி சின்னவர் படத்தைப் பார்த்தபடி பதில் சொன்னார். அவருக்கும் தெரியாதாம். சின்ன வயதில் அப்பாவிடம் ஒரு முறை கேட்டாராம், அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"சித்தப்பா இருக்காரா?" என்றார் வைத்தியலிங்கம்.

"இருக்கார். அடுத்த தெருவுல" என்று கேட்டுச் சொன்னார் திவ்யா.

"அடுத்த தெருவுலயா! அடப் பாவிகளா, போன் போடச் சொல்லும்மா!"

ஹிரோஷி போட்டுவிட்டார். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியவில்லை. ஸ்பீக்கரில் ஒரு கிழவர் குரல் வந்தது. முதலில் சின்னச் சின்னதாகப் பேசினார்கள். அப்புறம் அந்தக் குரல் நிற்காமல் பேசியது. திவ்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மேடம், சொல்லித் தொலைங்க!" என்று கத்திவிட்டேன்.

இண்டிகேட்டர் லைட்டுக்காகத்தானாம். வைக்கலாம் என்று இவர், வீண் செலவு என்று அண்ணன். சண்டை முற்றி, நான் போகிறேன் என்று இவர் கோபத்தில் கிளம்பிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குள் யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். யாரும் வரவில்லை. மறுநாள் தானாகத் திரும்பிப் போக வெட்கம். அவர் போன பிறகு அண்ணன் அதே லைட்டை வைத்துத்தான் அந்த மாடலை விற்றார். ரோட்டில் அந்த லைட் மின்னும்போதெல்லாம், இன்றைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாராம்.

பாய் தேம்பித் தேம்பி அழுதார். "ஒரு லைட்டுக்கு இவ்வளவா? கூடப் பொறந்தவனப் போய் ஒரு வார்த்தை கூப்புட்டா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று வைத்தியலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க ஒங்க தம்பிகிட்ட பேசறீங்களா சார்?" என்றேன். அவரும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பது பாபநாசத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

"அது வேறம்மா. அது வாய்க்கா தகராறு."

ஹிரோஷி போனை வைத்தார். ஊருக்குப் போனதும் அப்பாவை அழைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்து நன்றி சொன்னார். இதுதான் சமயம் என்று பில் புத்தகத்தைக் கையில் எடுத்தேன்.

"அதான் சின்னவர் விஷயம் தெரிஞ்சுடுச்சே. எந்த சைக்கிள் சார் போடட்டும்?"

வைத்தியலிங்கம் யோசித்தார். "அண்ணன் தம்பி சேந்துட்டாங்கன்னா, ரெண்டு பேருமா ஒரு மாடல் போடுவாங்கல்ல? அது வரட்டும்மா. அவசரப்பட்டு இத எதுக்கு வாங்கணும்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்த மனிதரின் கழுத்தை நெரிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

திவ்யா அதையும் ஹிரோஷிக்குச் சொன்னார். அவர் முதல் முறையாகச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு பாயைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"அந்தப் பெரியவர் சைக்கிள் வாங்க வர்ற வரைக்கும் இந்தக் கடை இருக்கணுமாம். அது வரைக்கும் மூட மாட்டாராம்" என்றார் திவ்யா.

பிள்ளைகளே, வாங்காமல் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அன்று நான் கற்ற பாடம் அதுதான். ஜமால் பாய் கற்றது வேறு. கார் கிளம்பிப் போனதும் என் பக்கம் குனிந்து, "சுகந்தி, அந்த மனுஷனுக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் சைக்கிள வித்துடாதம்மா" என்றார்.