பின்வரிசையில் மூன்று குடம்

ஈரச் சாக்கில் ஏறிய பதநீர் வாசனை. அதோடு என்ஜின் புகை. இரண்டும் கலந்து மூக்கில் பட்டால் எனக்கு இன்றும் காலை ஆறு மணி ஆகிவிடும்...

2003, 2004 வாக்கில் இருக்கும். பம்மலில் நான் வேலை பார்த்த தோல் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். இருபத்திரண்டு வருட வேலை ஒரு நோட்டீஸில் முடிந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அது வேறு கதை. இனி எவனிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவு செய்து, கோவளத்தில் ஒரு மீனவரிடம் பழைய மீன்பாடி வண்டி வாங்கினேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் பலகைத் தட்டு. பின்னால் ஒற்றைச் சக்கரம், சீட்டுக்கு அடியில் பழைய ஸ்கூட்டர் என்ஜின்.

அகரம்தென் ஏரிக்கரையில் அப்போது பனை நிறைய. விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முருகேசன் மரம் ஏறிப் பதநீர் இறக்குவார். நான் ஒன்பது குடத்தில் ஏற்றி, சூடு ஏறாமல் இருக்க ஈரச் சாக்கு சுற்றி, சேலையூர் கேம்ப் ரோடுக்கு விற்கக் கொண்டுவருவேன். அதுவரை சைக்கிளில் இரண்டு குடம்தான் வந்துகொண்டிருந்தது.

வண்டியில் மீன் நாற்றம். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பலகையிலேயே ஊறியிருந்தது. பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றது.

நாற்றம் போனது. வேறு தொல்லை வந்தது.

ஒன்பதில் மூன்று குடம் புளித்தது. தினமும்.

வாடிக்கையாக வாங்கும் ஒரு டீச்சரம்மா, ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சார், கள்ளு விக்கிறீங்களா? போலீஸ் வந்தா நானும் சேந்துல்ல உள்ள போகணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பதநீர் புளிக்காமல் இருக்க, மரத்தில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவுவது முருகேசன். அப்புறம் தப்பு வேறு யாருடையது?

"மரம் ஏர்றவன் சுண்ணாம்புல கஞ்சத்தனம் பண்றாம்மா" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் சொன்னேன்.

பேச்சு ஏரிக்கரைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் முருகேசன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு நின்றார்.

"இன்னாண்ணே, நான் பதநீரக் கள்ளாக்குறேன்னு ரோட்ல சொல்லிகினு கீறியாமே?"

"சொன்னேன். புளிக்குதே."

"சரி. இன்னிக்கு சாய்ங்காலம் நீயே வந்து உன் கையால தடவு. நாளைக்கு புளிக்கலன்னா நான் திருடன், கேம்ப் ரோட்ல வந்து நானே சொல்றேன். புளிச்சுதுன்னா ஊரப் பாக்கப் போய்க்கினே இருப்பேன். நீயே ஏறிக்கோ மரம்."

அவர் போய்விட்டால் என் பிழைப்பு அன்றோடு முடிந்தது. தெரிந்தும் சரி என்றேன். ஒவ்வொரு கலயமும் என் கையால் தடவினேன். விரலெல்லாம் சுண்ணாம்பில் வெந்துபோனது. நாளைக்கு இவனை ரோட்டில் நிறுத்துகிறேன் பார், என்கிற வீம்பு.

மறுநாள் எட்டரை மணி, கேம்ப் ரோடு. பின்வரிசையில் மூன்று குடம் அதேபோல் நுரைத்து நின்றது.

நம்பாமல் ஒரு குடத்தைத் தூக்கினேன். சுற்றியிருந்த சாக்கு அடியில் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. முன்வரிசைச் சாக்கில் தண்ணீர் சொட்டுகிறது. தகட்டில் கை வைத்தேன்... சுட்டுவிட்டது.

பின்வரிசைக்கு நேர் கீழே சைலன்சர். அந்த என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப உதைத்து உதைத்துக் கால் வீங்கும். அதனால் விற்று முடியும்வரை ஓடவிட்டே வைத்திருப்பேன். பலகை இருந்தவரை சூடு மேலே ஏறவில்லை. தகடு அடித்தது நான்.

நான் கண்டுபிடித்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்று குடத்தையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஒன்றுமே புளிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். முருகேசன் சொன்னபடி வந்து திருடன் என்று ஒத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஆள். அந்த நினைப்பு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என்ஜினை நிறுத்தாமல் அப்படியே ஏரிக்கரைக்கு விட்டேன். அவர் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"முருகேசா, இங்க கை வை."

வைத்தார். "ஐயோ!" என்று உதறினார். தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"பதநீர் வண்டின்னு சொன்னியே... இது கருப்பட்டி காய்ச்சுற அடுப்புண்ணே!"

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார். "எங்கிட்ட காட்டிட்டே. ரோட்ல சொன்னியே, அத்த யாரு திருப்பி எடுப்பா?"

ஃபேக்டரியில் ஒருமுறை மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். கொடுக்கவில்லை, பத்து நாள் சஸ்பெண்டில் கிடந்தேன். இது அப்படியில்லை. அவர் கேட்டது நியாயம்.

அன்றைக்கே தகட்டைப் பிடுங்கினேன். விழுந்து கிடந்த பனையிலிருந்து முருகேசனே பலகை அறுத்துத் தந்தார். மறுநாள் அவரை வண்டியில் உட்காரவைத்துக் கேம்ப் ரோடு கூட்டிவந்தேன். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

"சுண்ணாம்பு சரியாத்தான் கீது. வண்டிதான் தப்பு. அத்த அப்டிப் பண்ணது நான்."

டீச்சரம்மா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க சார், கேக்க நல்லாருக்கு" என்றார். சொன்னேன். முருகேசன் துண்டால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான்கு சீசன் சேர்ந்து வேலை செய்தோம்...

அந்தப் பனையெல்லாம் இப்போது இல்லை, அபார்ட்மென்ட் வந்துவிட்டது. முருகேசன் ஊரோடு போய்விட்டார். போன மாதம் ரோட்டோரம் ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஐஸ் போட்டு, பாட்டிலில் பதநீர் வைத்திருந்தார்கள். வாங்கிக் குடித்தேன். புளிப்பு. யார் இறக்கியது என்று விற்கிறவரிடம் கேட்டேன்.

"லோடு வருது சார். யாரு எறக்குனது, எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு இன்னா தெரியும்? வேணும்னா வேற பாட்டில் எட்த்துக்கோங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். வேறு பாட்டிலும் கொடுத்தார். முன்பென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே மரத்தடிக்கே போய், இறக்கியவரிடம் சண்டை போட்டிருப்பேன். தப்பு என்னுடையதென்றால் அங்கேயே ஒத்துக்கொண்டும் வந்திருப்பேன். இதற்கு எந்தப் பக்கம் போய், யாரைக் கேட்பது என்று தெரியாமல், இரண்டு பாட்டிலையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.