காகிதம் ஒழித்த வீடு

மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர்களில் அழாதவர்கள் குறைவு. நானும் அழுதிருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். வாய்க்குத்தான் பிரேக் கிடையாது. "எருமை, கண்ணாடியப் பாரு" என்பார். "மரமண்டை, கிளட்ச்ச விடு" என்பார். ஆனால் கைவிட மாட்டார், எப்பாடுபட்டாவது லைசென்ஸ் வாங்க வைத்துவிடுவார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றோம்.

எங்களுக்கு அந்தப் பாடு சில வாரங்களோடு முடிந்தது. அவர் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பாடு. ஸ்கூலின் முன்னறையில் உட்கார்ந்து எங்கள் விண்ணப்பங்களை நிரப்பித் தந்தது அவர்தான். வண்டி வாங்கியவர்களுக்கு இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்ததால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'பாலிசி அக்கா'. ஒரு போட்டோ கோணலாக ஒட்டியிருந்தால் போதும். "கூறுகெட்டவளே, கண்ணு எங்க வெச்சிருக்க?" என்று எங்கள் முன்னாலேயே கேட்பார் மாஸ்டர். நாங்கள் தரையைப் பார்ப்போம். அக்கா போட்டோவை உரித்து, பசையைத் துடைத்து, நேராக ஒட்டுவார்.

பிறகு மாஸ்டருக்குத் தொண்டையில் புற்று வந்தது. உயிர் பிழைக்க வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். கழுத்துக் குழியில் மூச்சு விட ஒரு துளை, அதன் மேல் ஒரு துணி. ஸ்கூலை யாரோ வாங்கிக்கொண்டார்கள். வெளியூரில் குடும்பமாகிவிட்ட மகளின் பழைய அறையில் அக்கா ஒரு மேஜையைப் போட்டு இன்சூரன்ஸ் வேலையை மட்டும் தொடர்ந்தார். வீடு அதில்தான் ஓடியது.

தொண்டையில் வைத்துப் பேச ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். வண்டு முரல்வதுபோல ஒரே சுருதியில் பேசும். மாஸ்டர் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றோடு கருவி அலமாரிக்குள் போயிற்று.

அதன் பிறகுதான் எழுத ஆரம்பித்தார். ஸ்கூலில் மிச்சமாகிப்போன விண்ணப்பப் படிவங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவார், கிழிப்பார், கொண்டுபோய் வைப்பார். கீபோர்டின் மேல், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில், ஃப்ரிட்ஜ் கதவில், அக்காவின் தலையணையில். "டீ ஆறிப்போச்சு, தண்டம்." "சனியனே, எவ்வளவு நேரமா தட்டறேன்." வாயால் திட்டியபோது அது காற்றோடு போயிற்று. இப்போது ஒவ்வொன்றும் அக்கா குனிந்து எடுத்து, படித்து, குப்பையில் போடும்வரை அங்கேயே கிடந்தது.

ஒருநாள் பேக்கரிக்காரரின் விபத்துக் கோரிக்கையை ஸ்டேப்ளர் அடித்துக் கம்பெனிக்கு அனுப்பினார் அக்கா. மறுவாரம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், எஃப்ஐஆர் காப்பிக்கும் கராஜ் பில்லுக்கும் நடுவுல ஒரு பேப்பர் இருக்கு. 'மூதேவி, காது அடைச்சிருக்கா'ன்னு எழுதியிருக்கு. இது கிளைமோட சேர்ந்ததா?"

அவள் பின்னால் யாரோ சிரித்தார்கள். "இல்லம்மா, அதக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றார் அக்கா.

அதே மாதம் கம்பெனி, வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏஜெண்டுகளுக்கு ஒரு பயிற்சி நடத்தியது. ஒரு இளைஞன் திரையில் தோன்றிப் பேசினான். மேஜையில் காகிதமே இருக்கக் கூடாது. எதைக் கையில் எடுத்தாலும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். மெயிலை நினைத்தபோதெல்லாம் திறக்காமல் நேரம் குறித்துப் பார்க்க வேண்டும். "உங்க கவனத்தத் திருடறது யாருன்னு முதல்ல கண்டுபிடிங்க" என்றான். மற்றவர்கள் போன், டிவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றெல்லாம் சொன்னார்கள். அக்கா தன் மைக்கைத் திறக்கவில்லை. யார் என்பது அவருக்குத் தெரியும்.

ஸ்கேனர் ஒன்றும் காகிதத்தை நறுக்கும் மெஷின் ஒன்றும் வாங்கினார். வேலைக்கு நடுவே மாதக்கணக்கில் ஸ்கேன் செய்தார். அலமாரியில் இருந்த ஃபைல்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் போயின. அறைக்கு வெளிச்சம் வந்தது, சுவரின் நிறம் தெரிந்தது. வாடிக்கையாளர் போன் செய்தால் அவர் பேசி முடிப்பதற்குள் பாலிசி திரையில் நிற்கும். மாஸ்டர் கதவருகே நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக அவருடைய படிவக் கட்டுகள் மெஷினுக்குள் போனபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. எழுந்து வந்து கட்டைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க. இனிமே வீட்டுல பேப்பர் வெச்சுக்கக் கூடாது. கம்பெனி ரூல்" என்றார் அக்கா. கம்பெனி அப்படி எதுவும் சொல்லவில்லை.

பேனாக்களையும் எடுத்து மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். பதிலாகத் தொடுதிரை டேப் ஒன்று வாங்கி மாஸ்டர் கையில் கொடுத்தார். அதில் தட்டி அனுப்பினால் அக்காவின் மெயிலுக்கு வரும். அவசரமென்றால் கதவைத் தட்டலாம். மாஸ்டர் டேப்பை சோபாவில் வீசிவிட்டு, தட்டை மேஜையில் அடித்து அடித்துப் பேசிப் பார்த்தார். அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சில நாளில் மாஸ்டர் ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டார்.

திட்டு இப்போது மெயிலில் வந்தது. அங்கேதான் அக்காவுக்கு வழி கிடைத்தது. புதுப்பிக்க வேண்டிய பாலிசிகளைத் தனிப் பெட்டிக்கு அனுப்ப அவர் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இன்ன வார்த்தை இருந்தால் இன்ன பெட்டி என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மெயில் தானே பிரித்துக்கொள்ளும். மாஸ்டரிடமிருந்து வருவதில் 'மூதேவி' என்று இருந்தால் நேரே குப்பைப் பெட்டி. முதலில் அதை மட்டும்தான் போட்டார். பிறகு சனியன், தண்டம், கூறுகெட்ட, மரமண்டை, விளங்காத. ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சேர்த்தார். அவருக்கு எதுவும் மறந்துபோயிருக்கவில்லை.

"மருந்து தீரப் போகுது" என்று வந்தால் உடனே வாங்கி வந்தார். கழுத்துத் துணியைத் துவைத்து மடித்து வைத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திட்டு மட்டும் வந்து சேரவில்லை. அக்காவின் வேலை வேகம் பிடித்தது. பாதித் தெருவின் வண்டிகள் அவர் கைக்கு வந்தன. மகளிடம் போனில், "தலைக்குள்ள பெருக்கித் தொடச்ச மாதிரி இருக்கு" என்றாராம்.

இன்னொரு சுகமும் இருந்தது. அதை அக்கா என்னிடம் சொன்னபோது முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை.

"கதவு பாதி திறந்திருக்கும். அவர் டேப்ப மடியில வெச்சுக்கிட்டு மூஞ்சி சிவக்க சிவக்க அடிப்பார். அனுப்பிட்டு என் மூஞ்சியவே பாப்பார், வாடுதான்னு. நான் நிமிந்து நல்லா ஒரு சிரிப்பு சிரிப்பேன். அவர் அப்படியே முழிப்பார். வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைச்சதே இல்ல."

மாஸ்டருக்கு இந்த ஏற்பாடு எப்படித் தெரியும்? தான் அனுப்புவதையெல்லாம் அவள் படிக்கிறாள் என்றே நினைத்தார். படித்துவிட்டும் சிரிக்கிறாள், மருந்து எடுத்து வைக்கிறாள், துணி மாற்றிவிடுகிறாள். எத்தனை திட்டினாலும் சிரிக்கிற மனுஷியிடம் எவ்வளவு நாள்தான் திட்ட முடியும். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குள் ஏதோ இளகியது. ஒருநாள் மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் மங்கும்வரை டேப்பில் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் எழுதியது இதுதான்.

"உன்ன மூதேவின்னேன், கூறுகெட்டவள்னேன். படிக்க வந்த பசங்க முன்னாடி சொன்னேன். உன் தங்கச்சி கல்யாணத்துல கூட சனியன்னேன். நீ அன்னைக்கு சாப்பிடாம எந்திரிச்சுப் போன. நான் பாத்தேன், கூப்பிடல. இப்ப நான் என்ன எழுதினாலும் நீ சிரிக்கற. நான் செஞ்சது தப்பு. எனக்கு வாய் இருந்தப்பவே இதச் சொல்லியிருக்கணும்."

அனுப்பினார். மூதேவியும் கூறுகெட்டவளும் சனியனும் ஒன்றாக இருந்த அந்தக் கடிதம் நேரே குப்பைப் பெட்டிக்குப் போயிற்று.

வேலை முடித்து வெளியே வந்த அக்கா வழக்கம்போலச் சிரித்தார். "சாப்பிடலாமா?" என்றார். மாஸ்டருக்குக் கண் கலங்கியது. கழுத்துத் துளையில் தூசி போயிருக்கும் என்று நினைத்து அக்கா துணியைச் சரிசெய்தார்.

அடுத்த சில நாள் மாஸ்டர் வேறு ஆளாக இருந்தார். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். அக்காவுக்கும் ஆச்சரியம்தான், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கடைசியில் மாஸ்டரால் பொறுக்க முடியவில்லை. "நான் அன்னைக்கு எழுதினதப் படிச்சியா?" என்று அனுப்பினார். அதில் திட்டு ஏதும் இல்லை, அதனால் வந்து சேர்ந்தது. அக்கா ஹாலுக்கு வந்தார்.

"படிச்சேன். எல்லாத்தையுந்தான் படிக்கறேன்."

மாஸ்டர் கையை விரித்தார். என்ன சொல்கிறாய் என்று அர்த்தம்.

"இதுல சொல்ல என்ன இருக்கு? எப்பவும் சொல்றதுதானே."

சொல்லிவிட்டு, அதே சிரிப்பைச் சிரித்துவிட்டு உள்ளே போனார். ஒரு லாரி ஓனர் லைனில் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு மாஸ்டரிடமிருந்து மருந்தைத் தவிர வேறு மெயில் வரவில்லை. துணி கொடியிலேயே கிடந்தது. சாப்பாடு பாதியில் நின்றது. மகள் பார்க்க வந்தபோது அப்பா எலும்பும் தோலுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் டேப்பைத் திறந்து, தான் அனுப்பியதைக் காட்டினார், அதற்கு அக்கா சொன்ன பதிலையும் தட்டிக் காட்டினார்.

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அப்பா இப்படி ஒண்ணு எழுதியிருக்கார். நீ என்னம்மா, 'எப்பவும் சொல்றதுதானே'ன்னியாமே?"

"எதச் சொல்ற?"

மகள் வாசித்தாள். அக்கா குப்பைப் பெட்டியைத் திறந்தார். மாதக்கணக்கான திட்டு அதில் அடுக்கடுக்காகக் கிடந்தது. நடுவில் அதுவும் இருந்தது. தன் கண்ணாலும் ஒருமுறை படித்தார்.

"பாக்கலன்னு போய்ச் சொல்லும்மா. ஒரு நிமிஷ வேலை" என்றாள் மகள்.

"ஏன் பாக்கலன்னு கேட்டா?"

"உண்மையச் சொல்லு."

"இந்த மாசக் கடைசி புதுப்பிக்கறது நெறைய இருக்கு. முடியட்டும், சொல்றேன்."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பழி வாங்கறியா?"

"அவருக்கு இத எழுத ஒரு ஆயுசு ஆச்சு. எனக்குக் கொஞ்ச நாள் ஆகக் கூடாதா?"

"நீயேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மகள். மறுநாள் அப்பாவின் துணிகளை ஒரு பையில் போட்டு, டேப்பையும் எடுத்துக்கொண்டு, அவரைத் தன்னோடு கூட்டிப்போனாள். அக்கா மருந்து மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார். மாஸ்டர் காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார். அக்காவும் வாசலில்தான் நின்றார். சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

மாசக் கடைசி போயிற்று. அடுத்ததும் போயிற்று. செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் இடத்தில் 'அவரிடம் பேசணும்' என்று அக்கா எழுதியிருந்தார். ஒவ்வொரு வாரமும் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். வீட்டில் திட்ட ஆளில்லை, வேலைக்குக் குறுக்கே வர ஆளில்லை. ஆனாலும் கதவைப் பாதி திறந்தே வைத்து உட்காரும் பழக்கம் போகவில்லை. வேலையில் தப்பு விழத் தொடங்கியது. ஒருவருக்குப் போட வேண்டிய பாலிசியை இன்னொருவருக்குப் போட்டார். அன்றைக்குத்தான் மகளுக்கு வீடியோவில் போன் செய்து, அப்பாவைக் கூப்பிடச் சொன்னார்.

எல்லாவற்றையும் சொன்னார். எந்தெந்த வார்த்தை, எந்தப் பெட்டி, எப்போதிலிருந்து என்று ஒன்று விடாமல் சொன்னார். "அன்னைக்கு நீங்க எழுதினது என் கண்ணுல படவே இல்ல. சத்தியமா" என்றார்.

மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. குனிந்து டேப்பில் எதையோ தட்டினார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மெயில் வந்து விழுந்தது. ஒரே வரி.

"அப்ப நீ சிரிச்சது?"

"என்ன சொன்னீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு கஸ்டமர் லைன்ல இருக்கார், அப்புறம் பேசறேன்னேன்."

"யாராவது லைன்ல இருந்தாங்களா?"

"யாருமில்ல."

மாஸ்டர் திரும்பி வரவில்லை. மகள் வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாராம், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறாராம். அக்கா போன் செய்தால் கையை உயர்த்திக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறாராம். போன மாதம் கம்பெனி அக்காவையே கூப்பிட்டு, காகிதமில்லாமல் வீட்டிலிருந்து வேலை செய்வது எப்படி என்று புது ஏஜெண்டுகளுக்குப் பேசச் சொன்னது. நன்றாகப் பேசினாராம், கை தட்டினார்களாம்.

இதையெல்லாம் அவர் சொன்னது என் காரின் பாலிசியைப் புதுப்பிக்கப் போன அன்று. சொல்லி முடித்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த இன்னொரு டேப்பை என் பக்கம் திருப்பி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கோடு பாதியில் அறுந்திருந்தது.

"சரியா விழல" என்றார் அக்கா. "அழிச்சுட்டு இன்னொரு தடவ போடுங்க."