அம்மன் சொன்ன படிப்பு

கோயில் படியில் இரண்டு வெற்றிலைப் பொட்டலங்கள் இருந்தன. எங்கள் கொடிக்காலில் கிள்ளிய இலை, மேலே வாழைநார்க் கட்டு. ஒன்றில் சிவப்புப் பூ, மற்றதில் வெள்ளைப் பூ. கல்யாணமோ கிணறோ, எதுவானாலும் எங்கள் சனங்கள் இப்படி அம்மனிடம் பூ கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். அன்று கேட்டது அக்காவின் படிப்புக்காக. சிவப்பு வந்தால் மெட்ராஸில் நான்கு வருட நர்சிங் பட்டப்படிப்பு; பட்டமும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் ஒன்றாகவே கிடைக்கும். வெள்ளை வந்தால் சேலத்தில் மூன்று வருட நர்ஸ் பயிற்சி, சான்றிதழ் மட்டும். இரண்டு இடத்திலும் அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது.

பி.யூ.சி. முடித்திருந்த அக்காவுக்கு மெட்ராஸ்தான் உயிர். அப்பாவுக்கோ சேலமே தூரம். "ஊசி போடறதுக்கு எதுக்கு டிகிரி? நம்ம எருமைக்கு ஊசி போட வர்றவரு டிகிரியா வெச்சிருக்காரு?" என்றார். "எருமை திருப்பிக் கேள்வி கேக்காதுங்கப்பா" என்றாள் அக்கா. அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் பேச்சு முற்றிக்கொண்டே போகவே, "அம்மன் சொல்லட்டுமுங்க" என்று அவளேதான் முடித்துவைத்தாள்.

சின்னப் பிள்ளை எடுத்தால்தான் வாக்கு செல்லும். எனக்குப் பத்து வயது. எதிலும் முந்திக்கொள்ளும் குணம். வழக்கமாக இரண்டுமே அரளிப்பூவாக இருக்கும். அன்று வெள்ளரளி கிடைக்காமல் பூசாரி மல்லிகையை வைத்துக் கட்டிவிட்டார். பெரியவர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. குனிந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது: இடப்பக்கப் பொட்டலம் மணத்தது. சேலம் என்றால் அக்கா மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்துவிடுவாள். மெட்ராஸ் என்றால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அவ்வளவுதான் யோசித்தேன். மணத்ததை எடுத்தேன்.

அக்கா அழவில்லை. அந்த மல்லிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனாள். கைராசிக்காரி என்று பெயரும் வாங்கினாள். எட்டு வருடம் கழித்து, அவளோடு பி.யூ.சி. படித்த ஒருத்தி மெட்ராஸ் பட்டத்தோடு அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவளுக்கு மேலதிகாரியாக வந்தாள். அவள் வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் அக்கா எழுந்து நின்றாள்.

அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். வேலையில் இருக்கும் நர்ஸ்கள் இன்னும் இரண்டு வருடம் படித்தால் பட்டம் வாங்கலாம் என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அவள் விடுதிக்கு ஓடினேன். அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடுக்கா, நாளைக்கே தபால்ல சேத்தர்றேன்."

"உனக்கு எப்பவுமே அவசரந்தான் கண்ணு. எனக்கு எதுன்னு அம்மன் அன்னிக்கே சொல்லிப்போட்டா. அதுக்கு மேல ஆசப்படறது நல்லால்ல."

அந்த எட்டு வருடமும் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொல்லாவிட்டால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். சொன்னேன், மல்லிகை மணத்தது வரைக்கும்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அம்மன் ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லக்கா."

"நீதான் சொன்னியா?"

தலையாட்டினேன். அக்கா சீருடையை மடித்து வைத்துவிட்டுப் பேனா கேட்டாள்.

பட்டம் வாங்கினாள். பிறகு நர்ஸ்களுக்குப் பாடம் நடத்தி, அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றாள். இப்போதும் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பதும் அவள்தான். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கியில் அவள், இருபுறமும் அப்பாவும் அம்மாவும். அந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அவள் என்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று இதுவரை நானும் கேட்டதில்லை.