பள்ளிக் கிணற்றில் என் சவர்க்காரத் தண்ணீர்

கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் பாத்திரம் கழுவும் திரவம், நிலம் துடைக்கும் திரவம், கக்கூஸ் கழுவும் திரவம் மூன்றையும் வீட்டிலேயே கலக்கி விற்றவள் நான். சுயதொழில் பயிற்சி என்று மூன்று நாள் சொல்லித் தந்தார்கள். எதை எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு வாசனை விடுவது, எப்படிப் போத்தலில் அடைப்பது, எல்லாம் சொன்னார்கள். பீப்பாயைக் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சான்றிதழ் தந்து, படம் எடுத்துவிட்டுப் போனார்கள்.

வளவின் பின்மூலையில் ஒரு குழி வெட்டி அதில் ஊற்றினேன். எங்கள் மண் கடற்கரை மணல். ஊற்ற ஊற்ற இழுத்துக்கொள்ளும். குழி நிறைவதே இல்லை என்று எனக்குச் சந்தோஷம் வேறு. குழிக்கு அந்தப் பக்கம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் கிணறு.

பள்ளி வாசலில் இருக்கும் பொதுக் குழாய்க்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது. வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறதாம். அதனால் குடிக்கவும் தேநீருக்கும் பள்ளித் தண்ணீரைத்தான் கேனில் பிடித்துப் போவார்கள். நோன்பு மாதத்தில் பள்ளியைச் சேர்ந்த முழு மஹல்லாவுக்கும் கஞ்சி காய்ச்சுவதும் அதில்தான்.

போன வருஷத்துக்கு முந்தின நோன்பில் இது நடந்தது. கஞ்சி காய்ச்சுபவர் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும், நாங்கள் காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறவர். மற்ற நாட்களில் கல்யாண வீடுகளில் சமைப்பார். அவருடைய கஞ்சிக்கென்றே அடுத்த மஹல்லாவிலிருந்தும் ஜக்கோடு வருவார்கள். அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து நாங்கள் பெண்கள் வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவள் ஜக்கை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "என்ன காக்கா, கஞ்சி சவுக்காரம் மணக்கிது?" என்றாள்.

"நோன்போட இரிந்துக்கிட்டு எப்பிடிப் புள்ள ருசி பாத்த?"

"மூக்குக்கு நோன்பில்லயே காக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மணம் எலுமிச்சை மணம். நான் அப்போதுதான் பழைய வாசனையை விட்டு எலுமிச்சைக்கு மாறியிருந்தேன்.

அடுத்த நாள் காலை பொதுக் குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக் குலுக்கினேன். நுரை எழும்பி அப்படியே நின்றது. இரண்டு வருஷமாக அந்தப் பீப்பாய்க்குள் கை விட்டு என் விரல் நுனித் தோல் உரிந்து கிடக்கிறது. தோலை உரிக்கிற சாமான் வயிற்றுக்குள் போய் என்ன செய்யும்? எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

அதற்குள் பள்ளி நம்பிக்கையாளர் சபைத் தலைவரிடம் முறைப்பாடு போய்விட்டது. அவர் ஒரு ஹாஜியார். கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தை ஒழுங்காக அலசாமல் காய்ச்சுகிறார் என்று காக்காவைப் பிடித்தார். காக்கா, "தண்ணி புடிக்கக்குள்ளேயே நுரைக்கிது ஹாஜியார், வந்து பாருங்க" என்றார். ஹாஜியார் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திப் பார்த்தார், முகர்ந்தார். நோன்பு திறந்த பிறகு குடித்தும் பார்த்தார். "நிறமும் மாறல்ல, மணமும் மாறல்ல, ருசியும் மாறல்ல. வுழுச் செய்யக் கூடிய தண்ணி. உங்கட சோம்பலுக்குத் தண்ணில பழியப் போடாதீங்க" என்று தீர்ப்புச் சொன்னார். கஞ்சியில் மணந்தது பச்சைத் தண்ணீரில் அவர் மூக்குக்குப் பிடிபடவில்லை. அவர் சொன்னது வுழுவுக்கான, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவதற்கான சுத்தம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து குடிக்கிற தண்ணீருக்குப் போட்டால் எப்படி? எங்கள் ஊரில் எல்லாரும் விடுகிற பிழை இது. வுழுவுக்கு ஆகும் என்றால் வயிற்றுக்கும் ஆகும்.

நான் நேரே ஹாஜியார் வீட்டுக்குப் போனேன்.

"காக்கால பிழையில்ல ஹாஜியார். அது என்ட பீப்பாத் தண்ணி. மதிலுக்குக் கீழால இறங்கிக் கிணத்துக்குப் போகுது."

"நீங்க செய்றது கழுவுற சாமான்தானே புள்ள?"

"ஓம்."

"சுத்தமாக்கிற சாமான் எப்பிடி அசுத்தமாகும்?"

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவியும் "அதானே" என்றார். நான் வாசலால் இறங்கும்போது, வீட்டில் பாத்திரத் திரவம் முடிந்துவிட்டது, ஒன்று அனுப்புங்கள் என்றும் சொன்னார். எனக்கு மதிலில் தலையை முட்டவேண்டும் போல் இருந்தது.

அன்றே கலக்குவதை நிறுத்தினேன். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். பள்ளிக் கடிதம் இல்லாமல் சோதிக்கத் தண்ணீர் எடுக்க முடியாது என்றார். திரும்ப ஹாஜியார் வாசல். கடிதம் தர மூன்று தரம் அலைய வைத்தார். கடைசியில் தண்ணீர் எடுத்தார்கள், சோதித்தார்கள். கிருமி இல்லை, குடிக்கலாம் என்று முடிவு வந்தது. நான் பரிசோதகரைக் கேட்டேன்: "சவுக்காரம் கிடக்கா எண்டு பாத்தீங்களா தம்பி?"

"அது இந்தப் பரிசோதனையில இல்ல ராத்தா. கிருமிதான் பாக்கிற. மற்றதுக்குக் கொழும்புக்கு அனுப்பணும். அதுக்கும் பள்ளிதான் கடிதம் தரணும்."

பள்ளி இனிக் கடிதம் தருமா? தலைவர் கையில் இப்போது பரிசோதனைத் தாள் இருக்கிறது. மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அதை ஒலிபெருக்கியில் வாசித்தார். தண்ணீர் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். மறுநாள் கிடாரத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். காக்காவைக் காப்பாற்ற நான் வாங்கிக்கொடுத்த தாளால்தான் காக்காவை விரட்டினார்கள்.

இதோடு முடியவில்லை. நான் ஊற்றுவதை நிறுத்தி நாளாகிவிட்டதால் கிணற்றில் நுரை மெல்ல மெல்லக் குறைந்தது. புது ஆள் வந்த கிழமையிலேயே கஞ்சி நல்ல மணமாகிவிட்டது. "ஆள மாத்தினதும் சரியாகிட்டு, பாத்தீங்களா?" என்று ஊர் முழுக்க ஒரே கதை. பெருநாளுக்குப் பிறகு நடக்க இருந்த கல்யாணங்களுக்குக் காக்காவிடம் சொல்லியிருந்த இரண்டு வீட்டாரும் நோன்புக்குள்ளேயே வேறு சமையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அழுக்குக் கிடாரத்தில் சமைப்பவர் என்று பெயர் விழுந்துவிட்டது. சமைப்பவருக்குப் பெயரை விட்டால் என்ன இருக்கிறது?

அடுத்த நாள் கஞ்சி வரிசையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: "அந்த நுரை என்ட வீட்டுல இருந்து வந்த. காக்கா கிடாரம் ஒழுங்காத்தான் கழுவின."

பின்னால் இருந்து ஒரு குரல்: "அப்ப இனிப் போத்தல் தரமாட்டீங்களா ராத்தா? அந்த எலுமிச்சம் மணத்துல ரெண்டு இரிந்தா எடுத்து வைங்களே."

என் பீப்பாய் மட்டும்தானா? ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டிலும் குசினித் தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் கக்கூஸ் கழுவும் அசிட்டும் அதே மணலுக்குள்தான் இறங்குகின்றன. என்னிடம் வாங்காவிட்டால் கடையில் வாங்குவார்கள். அதைச் சொன்னபோது, எனக்குப் பைத்தியம் என்பது போல் பார்த்தார்கள்.

காக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார்.

"காக்கா, நான் திரும்ப ஊத்தட்டா? புது ஆள்ட கிடாரமும் நுரைச்சா உங்கட பேர் திரும்பி வந்திரும்."

கோடரியைக் கீழே போட்டார். "உனக்கென்ன மூளை கலங்கிட்டா? புள்ளகுட்டி குடிக்கிற தண்ணி. முதல்ல ஊத்தினதுக்கே உன்னோட எனக்குக் கோவம். இப்ப எனக்காக வேற ஊத்தப் போறியா?"

"வேற என்ன செய்ய காக்கா?"

"ஒண்டும் செய்யாத. நீ செய்யச் செய்யத்தான் எனக்கு மோசமாகுது."

உண்மைதான். ஆனாலும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த நோன்பு கிட்டியபோது நிந்தவூரில் ஒரு பள்ளியில் கஞ்சிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காக்கா ஏற்கெனவே போய்க் கேட்டிருக்கிறார். ஏன் கல்முனைப் பள்ளியை விட்டீர்கள் என்று அவர்கள் கேட்டதற்கு, கருத்து வேறுபாடு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பஸ் ஏறிப் போய், நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அந்தப் பள்ளி நிர்வாகத்தாரிடம் கொடுத்தேன். மூன்று பேர் மாறி மாறி வாசித்தார்கள்.

"இந்தத் தண்ணியக் குடிச்சா என்ன வரும்?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியா. ஒருத்தரும் பாக்கல்ல. அதத்தான் நானும் கேக்கிறன்."

அவர்கள் தங்களுக்குள் கதைத்து முடிவெடுத்தார்கள். காக்காவை எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் கிடாரத்தை நிர்வாகத்தில் ஒருவர் முன்னால் கழுவிக் காட்ட வேண்டும். நான் கத்தினேன். கடிதத்தை வாசித்த பிறகுமா என்று கேட்டேன். "ஒரு பாதுகாப்புக்குத்தான் ராத்தா" என்றார்கள்.

காக்கா சம்மதித்தார். முப்பது நாளும் ளுஹருக்குப் பிறகு, ஒருவர் கதிரையில் இருந்து பார்க்க, குனிந்து கிடாரத்தைக் கழுவிக் காட்டினார். கழுவுவதற்கு அவர்கள் வாங்கி வைத்திருந்தது கடையில் விற்கும் எலுமிச்சைத் திரவம். அலசிய தண்ணீர் அந்தப் பள்ளிக் கிணற்றுக்குப் பக்கத்து மணலில் இறங்கியதாம். அதை எனக்குச் சொன்னவர் காக்காதான். அங்கேயும் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொன்னா இந்த வேலையும் போகும் தங்கச்சி" என்றார்.